தூக்கிப் போட்டா தானா நீந்தும் - ஒரு பொய்க்கணக்கு

போன மே மாதம் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தோம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம், அம்மா பிறந்த ஊர். சாமி கும்பிட்டு, கறிச்சோறு சாப்பிட்டு, எல்லாரும் திண்ணையில் சாய்ந்திருந்த நேரத்தில் மாமா ஒரு அறிவிப்பு விட்டார்.

"நாளைக்குக் காலையில இந்தக் குட்டியக் கிணத்துல தூக்கிப் போட்டுருவோம். ரெண்டே நாள்ல மீன் மாதிரி நீந்தும் பாரு."

குட்டி என்றால் என் அக்கா மகள். ஆறு வயசு. தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலே வீட்டை ரெண்டாக்குகிற ஆள். மாமா சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் செத்துப்போச்சு. சத்தமில்லாமல் வந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, சட்டையைப் பிடித்துக்கொண்டாள். திண்ணையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதிமூணு வருஷத்துக்கு முன்னால் அதே கிணற்றில் அதே மாமா தூக்கிப் போட்ட பையன் நான்தான்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது. "தூக்கிப் போட்டா தானா நீந்திக்கும்." நம்ம ஊரில் நீச்சல் பற்றிச் சொல்லப்படுகிற பொய்களிலேயே பெரிய பொய் இதுதான் என்று நினைக்கிறேன். இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் மாமா எனக்காக எதையும் செய்வார். ஆனால் நல்லவர்கள் சொல்வதால் பொய் உண்மையாகிவிடாது இல்லையா?

என் கதை

எனக்கு அப்போது எட்டு வயசு. மாமா என்னைத் தோளில் உட்காரவைத்துக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப்போனார். "சும்மா பார்க்கத்தான் போறோம்" என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூக்கி வீசிவிட்டார்.

அதற்கப்புறம் எனக்கு ஞாபகம் இருப்பது மூன்று விஷயம். மூக்குக்குள் மிளகாய் வைத்த மாதிரி எரிச்சல். காதுக்குள் 'கும்' என்று ஒரு சத்தம். கால் தேடுகிறது, தேடுகிறது, தரையே இல்லை. பிறகு யாரோ தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்தார்கள். படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். மேலே நின்ற பையன்கள் கை தட்டினார்கள். மாமா, "அவ்வளவுதான்டா மாப்ள, பயம் தெளிஞ்சிருச்சு" என்றார்.

தெளிந்ததா? அதற்கப்புறம் மூன்று வருஷம் கண்ணை மூடி முகத்தில் சோப்புப் போட மாட்டேன். ஊருக்குப் போனால் கிணறு இருக்கிற பக்கமே போவதில்லை. பள்ளிச் சுற்றுலாவில் எல்லாரும் ஆற்றில் இறங்கினால் நான்தான் செருப்புக்கும் பர்ஸுக்கும் காவல். "இவனுக்கு சைனஸ்" என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். கடைசியில் பத்தொன்பது வயசில், வெட்கத்தை விட்டு, டவுனில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். அங்கே இருந்த பயிற்சியாளர் முதல் மூன்று நாள் என்னைக் குளத்துக்குள்ளேயே இறக்கவில்லை. விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் போடச் சொன்னார். நாலாவது நாள் நானே இறங்கினேன். ஒரு மாதத்தில் நீந்தினேன்.

கணக்குப் பார்த்தால், ஒரு நிமிஷத்தில் சொல்லிக்கொடுப்பதாக நினைத்து மாமா செய்த காரியம் எனக்குப் பதினொரு வருஷம் செலவு வைத்தது. பி.காம். படிக்கிறவன் என்பதால் சொல்கிறேன், இது முதலீடு இல்லை, வராக்கடன்.

"நாங்கெல்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம்"

அன்று ராத்திரி திண்ணையில் வாக்குவாதம் ஆரம்பித்தது. முதலில் வந்த வாதம் இதுதான். எல்லா ஊரிலும் எல்லாத் திண்ணையிலும் முதலில் வருவதும் இதுதான்.

டீக்கடையில் கவனித்திருக்கிறீர்களா? ஷேர் மார்க்கெட்டில் சம்பாதித்தவன் சத்தமாகப் பேசுவான். விட்டவன் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவான். பேசுபவனை மட்டும் கேட்டால் ஷேர் வாங்கினவன் எல்லாம் பணக்காரன் ஆனதாகத்தான் தோன்றும்.

கிணற்றுக் கதையும் அதேதான். தூக்கிப் போட்டதில் நீந்தக் கற்றுக்கொண்டவர் ஐம்பது வயசிலும் அதைப் பெருமையாகச் சொல்வார். தூக்கிப் போட்டதில் பயந்துபோனவர் சொல்ல மாட்டார். அவருக்கு 'சைனஸ்' இருக்கும். மூச்சுப் போனவர் சொல்லவே முடியாது. வெற்றியை மட்டும் பேரேட்டில் எழுதி, நஷ்டத்தை எழுதாமல் விட்டால் எந்தக் கடையும் லாபத்தில்தான் ஓடும்.

அன்றைக்குத் திண்ணையில் ஒரு சின்னக் கணக்கெடுப்பு நடத்தினேன். "உங்களில் யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும்?" ஏழு ஆண்கள் கை தூக்கினார்கள். "யாருக்குத் தெரியாது?" முதலில் யாரும் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியப்பா மகன் மெதுவாகச் சொன்னான், "என்னையும்தான் போட்டாங்க. நான் அதோட கெணத்துப் பக்கமே போகல." அவனுக்கு வயசு முப்பத்தி நாலு. இத்தனை வருஷம் அவன் இதை யாரிடமும் சொன்னதில்லை. பெண்கள் யாரும் எந்தக் கேள்விக்கும் கை தூக்கவில்லை. அவர்களை யாரும் இதுவரை கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

"பயம் தெளியணும்ல?"

இரண்டாவது வாதம். இது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்திருக்கிறார்கள்.

1920ல் அமெரிக்காவில் ஜான் வாட்சன், ரோசலி ரேனர் என்று இரண்டு பேர் ஒரு கைக்குழந்தைக்கு வேண்டுமென்றே பயத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். குழந்தை ஒரு வெள்ளை எலியைத் தொடப் போகும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்துப் பெரிய சத்தம் எழுப்பினார்கள். சில தடவையிலேயே எலியைப் பார்த்தாலே குழந்தை அழ ஆரம்பித்தது. இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அவ்வளவு கொடுமையான சோதனை. ஆனால் அதில் தெரிந்தது ஒன்று: அதிர்ச்சியோடு சேர்த்துக் கொடுத்தால் எதன் மேலும் பயம் ஒட்டிக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீரும் அதில் அடக்கம்.

1924ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் உளவியலாளர் இதைத் திருப்பிச் செய்தார். பீட்டர் என்று மூன்று வயசு நிறையாத ஒரு பையன். முயலைக் கண்டால் அலறுவான். அவர் முயலைத் தூக்கி அவன் மடியில் போடவில்லை. கூண்டோடு அறையின் தூரத்து மூலையில் வைத்தார். பையனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்தார். பயமில்லாத மற்ற குழந்தைகள் முயலோடு விளையாடுவதை அவன் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக முயல் பக்கத்தில் வந்தது. கடைசியில் பீட்டரே முயலைத் தடவிக்கொடுத்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது நடுவில் நடந்த ஒரு விஷயம். பீட்டர் நன்றாகத் தேறிவந்த சமயத்தில் அவனுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிவந்தது. திரும்பும்போது ஒரு பெரிய நாய் அவன் மேல் பாய வந்தது. அவ்வளவுதான், பழைய பயம் முழுசாகத் திரும்பிவிட்டது. மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பல வார உழைப்பு ஒரே ஒரு அதிர்ச்சியில் போச்சு. நாம் அந்த அதிர்ச்சியைத்தான் 'பயிற்சி' என்கிறோம்.

இன்னொன்று. "கை காலை அடிக்கிறான் பாரு, நீந்துறான்" என்று மேலே நின்று சொல்வார்கள். நியூயார்க்கில் கடற்கரைக் காவலராக இருந்த பிரான்செஸ்கோ பியா என்பவர், தண்ணீரில் மூழ்குகிற ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று பல வருஷம் கவனித்து எழுதியிருக்கிறார். அவர்கள் கத்துவதில்லை. மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேல் போதுமான நேரம் இருப்பதில்லை, இதில் எங்கே கத்துவது? கை ஆட்டிக் கூப்பிடவும் முடியாது. கைகள் தானாகப் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். இருபது முதல் அறுபது விநாடி. பிறகு உள்ளே போய்விடுவார்கள். மேலே இருந்து பார்ப்பவருக்கு அது நீச்சல் மாதிரி தெரியலாம். அடியில் இருப்பவருக்கு அது சாவு.

குழந்தையின் பயம் என்பது கோழைத்தனம் இல்லை. அது சரியான தகவல். காலுக்குக் கீழே தரை இல்லை, மூக்குக்குள் தண்ணீர் போகிறது, காது அடைக்கிறது, கண் தெரியவில்லை. இந்த நாலும் ஒரே நேரத்தில் நடந்தால் பயப்படாத குழந்தையைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். நாம் செய்ய வேண்டியது அந்த நாலையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பழக்குவது.

"காலங்காலமா நம்ம வழக்கம் இதான்"

மூன்றாவது வாதம். மாமா இதைச் சொல்லிவிட்டு, இனிமேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல வெற்றிலையை மடித்தார்.

அப்போதுதான் உள்ளே படுத்திருந்த அம்மாச்சி குரல் கொடுத்தது. "ஏலேய், ஒன்னைய யாருடா தூக்கிப் போட்டது? ஒனக்கு ஒங்கய்யா சொரக்குடுக்கை கட்டில்ல பழக்குனாரு? கயித்த இடுப்புல கட்டி, ஒரு மாசம் படியிலயே ஒக்கார வச்சிருந்தாரே, மறந்துட்டியா?"

திண்ணை ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. :-)

யோசித்துப் பாருங்கள். காய்ந்த சுரைக்குடுக்கை, வாழைமரத் துண்டு, இடுப்பில் கயிறு, வயிற்றுக்கடியில் அப்பாவின் கை. இதுதான் நம்ம கிணறுகளில் காலங்காலமாக இருந்த முறை. பிறகு பிளாஸ்டிக் கேன் வந்தது, லாரி டியூப் வந்தது. மிதவையும் கயிறும் கையும் இருந்தால் பயம் படிப்படியாகத்தான் குறையும் என்று தெரிந்து வைத்திருந்த ஆட்கள் நம்ம தாத்தாக்கள். தூக்கிப் போடுவது பாரம்பரியம் இல்லை. பொறுமை இல்லாதவன் பாரம்பரியத்துக்குச் சொல்லிக்கொண்ட சுருக்கம்.

அதிலும் கிணறு ஆரம்பிப்பதற்கு மோசமான இடம். ஆற்றில் கணுக்கால் தண்ணீர் உண்டு, முழங்கால் தண்ணீர் உண்டு. கிணற்றில் படியை விட்டால் நேராக ஆள் உயரம், ரெண்டு ஆள் உயரம். நிற்க இடமே கிடையாது. அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் கயிறு கட்டினார்கள்.

டவுன்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

கிராமத்தை மட்டும் திட்டுவதாக நினைக்க வேண்டாம். டவுனிலும் இதே கதைதான், பீஸ் கட்டி நடக்கிறது. கோடை விடுமுறையில் பதினைந்து நாள் நீச்சல் வகுப்பு. நான் கற்றுக்கொண்ட குளத்திலேயே இதைப் பார்த்தேன். அழுகிற குழந்தையை அப்பாவே கையைப் பிடித்துக் குளத்துக்குள் இழுக்கிறார். "பீஸ் கட்டியாச்சு, அஞ்சு நாள் போச்சு, இன்னும் எறங்கல."

போன பணம் போனதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்று முதல் வருஷமே எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். அந்த அப்பா நிச்சயம் என்னைவிட அதிகம் படித்தவர். கட்டின பீஸ் திரும்பி வராது. ஆனால் அந்தக் குழந்தை தண்ணீர் மேல் வைத்திருக்கிற கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அன்றைக்கே போய்விடும். பதினைந்து நாளில் பழகாவிட்டால் குழந்தையில் கோளாறு இல்லை. அது யாரோ அச்சடித்த நோட்டீஸில் இருந்த எண், அவ்வளவுதான்.

விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு விடாதீர்கள்

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது இதில்தான். நிறையப் பேர் தூக்கிப் போடுவதில்லை, நாசூக்காகச் செய்வார்கள். "நான் பிடிச்சிருக்கேன், விடவே மாட்டேன்" என்று சொல்வார்கள். குழந்தை நம்பிப் படுக்கும். கையை எடுத்துவிடுவார்கள். "பார்த்தியா, நீயே மிதந்த!"

குழந்தை அன்று மிதக்கக் கற்றுக்கொண்டதோ இல்லையோ, நீங்கள் பொய் சொல்வீர்கள் என்பதை நன்றாகக் கற்றுக்கொண்டது.

எங்களுக்கு வணிகச் சட்டம் ஒரு பாடம். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 14ஆம் பிரிவில், சம்மதம் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்கிறது. வற்புறுத்தி வாங்கினால், ஏமாற்றி வாங்கினால் அது சுதந்திரமான சம்மதம் இல்லை. மைனரோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1903ல் மொஹோரி பீபீ வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. கோர்ட்டில் அது சரி. தண்ணீரில் நேர்மாறு. மைனரோடு போட்ட ஒப்பந்தம்தான் அங்கே நூற்றுக்கு நூறு செல்ல வேண்டும். பத்து எண்ணும் வரை என்று சொன்னால் பத்துதான். "இன்னிக்குப் போதும்" என்று குழந்தை சொன்னால் போதும்தான். தண்ணீரை நம்புவதற்கு முன்னால் குழந்தை நம்புவது உங்கள் கையை. அது போனால் அப்புறம் எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பீர்கள்?

சரி, நீ என்ன செஞ்ச?

அம்மாச்சி புண்ணியத்தில் குட்டி தப்பித்தாள். அக்கா அவளை லீவுக்கு ஊரிலேயே விட்டுவிட்டுப் போனாள். எனக்கும் செமஸ்டர் முடிந்திருந்தது. "நீயே பழக்கு பாப்போம்" என்று மாமா சவால் விட்டார்.

நான் பயிற்சியாளர் இல்லை. எனக்கு அந்தப் பத்தொன்பது வயசில் செய்ததையே திருப்பிச் செய்தேன். கிணற்றை விட்டுவிட்டேன். மோட்டார் தண்ணீர் விழுகிற சிமெண்ட் தொட்டி ஒன்று இருக்கிறது, அவளுக்கு இடுப்பளவு. தினம் காலையில் அரை மணி நேரம், அங்கேதான்.

முதல் நாலு நாள் தொட்டியில் இறங்கவே இல்லை. விளிம்பில் உட்கார்ந்து காலால் தண்ணீர் அடித்து என்னை நனைப்பது அவள் வேலை. வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் வாயை வைத்துக் குமிழி விடும் போட்டி. இது விளையாட்டு மாதிரி தெரியும், ஆனால் பாதி நீச்சல் இதில்தான் இருக்கிறது. தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடத் தெரிந்தால் மூக்குக்குள் தண்ணீர் ஏறாது. மூக்கு எரியவில்லை என்றால் பயத்தில் கால்வாசி போச்சு. தலையில் தண்ணீர் ஊற்றுவதை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். சொம்பு அவள் கையில் இருக்கும்போது அழுகை வரவில்லை. மற்றவர் கையில் இருந்தால்தான் அழுகை.

அஞ்சாவது நாள் தொட்டிக்குள் இறங்கினாள், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு. "மாமா, தண்ணி என்னைய முழுங்கிருமா?" என்று கேட்டாள். "முழுங்காது" என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "தனியா எறங்குனா முழுங்கும். அதான் நான் கூட நிக்கிறேன்" என்றேன். இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டுக் கழுத்திலிருந்து ஒரு கையை எடுத்தாள்.

அடுத்தது மிதப்பது இல்லை, எழுந்து நிற்பது. இதை யாரும் முதலில் சொல்லித்தருவதில்லை. முட்டியை வயிற்றுப் பக்கம் மடக்கி, காலைக் கீழே ஊன்றி நிற்பது எப்படி என்று மூன்று நாள் அதையே செய்தோம். எப்போது வேண்டுமானாலும் எழுந்து நின்றுவிடலாம் என்று தெரிந்த குழந்தைதான் தைரியமாகப் படுக்கும்.

பிறகு மல்லாக்க மிதப்பது. அவள் தலை என் தோளில், என் கை அவள் முதுகுக்கடியில். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலான ஆட்களின் உடம்பு தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு. பயத்தில் தலையைத் தூக்கினால்தான் இடுப்பு கீழே போகும், இடுப்பு போனால் கால் போகும், அப்புறம் எல்லாமே போகும். "காது நனையணும், வயிறு வானத்தப் பார்க்கணும்" என்பதுதான் எங்கள் மந்திரம். கையை எடுப்பதற்கு முன்னால் கேட்பேன். "ஒரு விரல் எடுக்கட்டுமா?" "ம்." "ரெண்டு?" "வேணாம்." சரி, வேண்டாம். ஒரு நாள் முழுக்க நாலு விரலிலேயே ஓடியது. பன்னிரண்டாவது நாள் அவளே சொன்னாள், "மாமா, எல்லா விரலையும் எடு. மூணு எண்ணு. மூணுதான்."

மூணு எண்ணினேன். மூணுதான்.

கேலி, கிண்டல், "ஆம்பளப்புள்ள பயப்படலாமா", "அந்தப் பாப்பா பாரு எப்படி நீந்துது" இதெல்லாம் தொட்டிப் பக்கம் வரக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருந்தேன். மாமா இரண்டு தடவை சட்டத்தை மீறினார். அம்மாச்சி பார்த்துக்கொண்டது.

"பொம்பளப்புள்ளைக்கு எதுக்குடா இதெல்லாம்?"

இது நாலாவது வாதம். பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. கூடவே "குற்றாலீஸ்வரன் ஆக்கப் போறியா?" என்று ஒரு நக்கல். (1994ல் பதிமூணு வயசு கூட நிறையாத பையன் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தான் என்பது எங்க ஊர் பெரிசுகளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது!)

சாதனைக்காக இல்லை ஐயா, உயிருக்காக. உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2021ல் மட்டும் உலகத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்ட கால்வாசி ஐந்து வயசுக்குக் குறைந்த குழந்தைகள். பத்தில் ஒன்பதுக்கு மேல் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். 2021ல் ஐ.நா. பொதுச்சபை இதற்காகவே ஜூலை 25ஐ ஒரு நாளாக அறிவித்தது.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா? 2004 சுனாமியில் கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்தார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. நீச்சல் தெரியாததும் அதில் ஒன்று. நம்ம கிணறும் குளமும் ஆம்பளப்பசங்களின் மைதானமாகத்தான் இருந்திருக்கிறது. பெண்பிள்ளை தண்ணீர் எடுக்கப் போகலாம், துணி துவைக்கப் போகலாம், தண்ணீரில் பிழைக்க மட்டும் கற்றுக்கொள்ளக் கூடாதாம். என்ன நியாயம் இது?

"இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு வங்காளதேசத்தைக் காட்டுகிறேன். நம்மைவிட வசதியான நாடு ஒன்றும் இல்லை. அங்கே கிராமத்துக் குளங்களிலேயே மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, குழந்தை நிற்கிற ஆழத்துக்குக் கொண்டுவந்து, நாலு வயசு தாண்டிய குழந்தைகளுக்கு ஊர் ஆட்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். 'ஸ்விம்சேஃப்' என்று பெயர். இலக்கு மூன்றே மூன்று: 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், மூழ்குகிற இன்னொருவரைத் தண்ணீரில் குதிக்காமல் கரையிலிருந்தே காப்பாற்றத் தெரிய வேண்டும். டைல்ஸ் போட்ட குளம் இல்லை, விசில் ஊதும் கோச் இல்லை. மூங்கிலும் பொறுமையும்தான். மூங்கில் நம்ம ஊரிலும் விளைகிறது.

ஒரு எச்சரிக்கை

நான் சொன்னதைப் படித்துவிட்டுப் பயத்தை மட்டும் எடுத்துவிட்டால் அதுவும் ஆபத்து. எடுக்க வேண்டியது பீதியை, எச்சரிக்கையை இல்லை. காற்றடைத்த கைவளையம், டியூப் எல்லாம் பழகுவதற்கான சாமான்கள், உயிர் காக்கும் கருவிகள் இல்லை. கழன்றால் போச்சு. நீச்சல் தெரிந்த குழந்தையும் மூழ்கும். தண்ணீரில் குழந்தை இருக்கும்போது பெரியவர் ஒருவர் கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும், செல்போனைப் பார்க்காமல். நீந்தத் தெரிந்த பிறகும் குட்டிக்கு ஒரு சட்டம் மாறவே இல்லை: பெரியவங்க இல்லாம தண்ணிப் பக்கம் போகக்கூடாது.

கடைசியாக

பதினெட்டு நாள் ஆனது. அவள் மீன் மாதிரியெல்லாம் நீந்தவில்லை. தொட்டியின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் முகத்தைத் தண்ணீரில் வைத்துப் போகிறாள், நடுவில் எழுந்து நிற்கிறாள், மல்லாக்கப் படுத்து இருபது எண்ணுகிறாள். மாமா வந்து பார்த்துவிட்டு, "இது ஒரு நீச்சலாடா?" என்று கேட்டார். நீச்சல் இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுநாள் விடியற்காலையில் என்னைத் தட்டி எழுப்பினது அவள். "மாமா, மோட்டார் போட்டாச்சாம். வா, போலாம்."

தண்ணீரைக் கண்டு ஓடின குழந்தை தண்ணீரைத் தேடி வருகிறது. எனக்கு எட்டு வயசில் கிடைத்திருக்க வேண்டியது இதுதான்.

இந்தக் கோடையிலும் எத்தனையோ திண்ணைகளில் எத்தனையோ மாமாக்கள் அதே அறிவிப்பை விடுவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அப்போது ஒரு குழந்தை யாருடைய முதுகுக்குப் பின்னாலோ வந்து ஒளியும். அது உங்கள் முதுகாக இருந்தால், தயவுசெய்து நகர்ந்துவிடாதீர்கள்.

டிஸ்கி: மாமா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன். யாராவது போட்டுக்கொடுத்தால், அடுத்த திருவிழாவுக்குக் கிணற்றில் போகப்போவது மறுபடியும் நான்தான். பரவாயில்லை, இப்போது எனக்கு நீச்சல் தெரியும்.